அகராதி தந்த குமாஸ்தா

ஆங்கிலச் சொல் ஒன்று எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் காணப்பட்டது என்று அறிய விரும்புவோர் இன்றும் நாடுவது ஆக்ஸ்போர்டு பேரகராதியை. அதன் முதன்மை ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்.

1837-ல் ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. பல மொழிகளைத் தாமே கற்றார். பதினேழு வயதில் உதவி ஆசிரியரானார். மணமான பின், கைக்குழந்தை இறந்தது. மனைவியின் உடல்நலம் கருதி ஊரைவிட்டு லண்டன் வந்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளைகள் கொண்டிருந்த சார்ட்டர்டு வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மனைவியோ 1865-ல் காலமானார்.

துயரத்திலும் படிப்பை விடவில்லை. 1866-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்கு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. 1870-ல் மீண்டும் பள்ளி ஆசிரியரானார். மறுமணம் செய்துகொண்டார்; பதினொரு குழந்தைகள்.

1879-ல் அகராதிப் பொறுப்பு அவரிடம் வந்தது. பத்து ஆண்டில் முடிப்பதாக ஒப்பந்தம். தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை போட்டார். பழைய நூல்களில் சொற்கள் வரும் வாக்கியங்களைத் தொண்டர்கள் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். அவற்றை அகர வரிசைப்படுத்த அவர் பிள்ளைகளும் உதவினர். வெறும் ஊகத்தை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுடன் எழுத்துச் சான்று வேண்டும் என்பதே முறை.

அதனால் வேலை மெதுவாகவே நகர்ந்தது. 1884-ல் வெளியான முதல் பகுதி, எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’ என்ற சொல்லோடு நின்றது! ஆயினும் அவர் தளரவில்லை. ‘சி’ எழுத்துச் சொற்களை அவரே பதிப்பித்தார். கட்டுமரம், சுருட்டு, கறி ஆகிய நம் சொற்கள் ஆங்கிலத்தில் வடிவம் மாறி அமர்ந்திருப்பதை அந்தப் பக்கங்களில் காணலாம்.

1908-ல் ‘சர்’ பட்டம் பெற்றார். 1915-ல், ‘டி’ எழுத்துச் சொற்களில் ஈடுபட்டிருந்த நாளில் மறைந்தார். அகராதி 1928-ல் நிறைவேறியபோது நான்கு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் அதில் இருந்தன. முழு நூலைக் காண அவர் இல்லை.

சொற்பிறப்பு அகராதி வாங்க எண்ணுவோர் அவர் வகுத்த முறையையே உரைகல்லாகக் கொள்ளலாம். நூல் சிறியதானாலும், சொல்லின் காலத்தைக் காட்டுகிறதா, சான்று உள்ளதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறதா என்று இரண்டு மூன்று சொற்களைப் புரட்டிப் பார்த்து வாங்கினால் பணம் வீணாகாது.