களிமண்ணைக் கருவியாக்கிய யூஜின் ஹூட்ரி

வினையை விரைவுபடுத்தித் தான் மாறாது நிற்பது வினையூக்கி என்று பாடநூலில் பயில்கிறோம். ஆயினும் எண்ணெய் ஆலையில் அது கரி படிந்து செயலிழக்கிறது. அதற்கு மீண்டும் உயிரூட்டும் வழி கண்டு, திண்ம அமில வினையூக்கியைப் பெருந்தொழிலுக்கு உரியதாக்கிய பெருமகனார் யூஜின் ஹூட்ரி ஆவார்.

1892 ஏப்ரல் 18இல் பாரிசை அடுத்த தோமோன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பொறியியல் பயின்று, 1911இல் பட்டம் பெற்று, தந்தையாரின் எஃகுத் தொழிலில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றி, 1917இல் படுகாயமுற்றார். போருக்குப்பின் பந்தயக் கார்களில் கொண்ட ஈடுபாடு, சிறந்த எரிபொருளைத் தேடும் வேட்கையாக வளர்ந்தது.

பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க 1929இல் அவர் அமைத்த ஆலை, செலவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் மூடப்பட்டது. ஆனால், கனத்த எண்ணெயில் அவர் செய்துவந்த ஆய்வு கைகொடுத்தது. சிலிக்காவும் அலுமினாவும் அடங்கிய களிமண்ணை அமிலத்தால் பதப்படுத்திப் பயன்படுத்தியபோது, எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து உயர்தரப் பெட்ரோல் கிடைத்தது. சில நிமிடங்களிலேயே களிமண்ணில் கரி படிந்தது. காற்றைச் செலுத்தி அக்கரியை எரித்தார். களிமண் மீண்டும் செயலாற்றியது. ஒரு கலன் வினைபுரியும்போதே மற்றொன்று தூய்மையாகும்படி கலன்களை அமைத்தார்.

1930இல் அமெரிக்கா சென்றார். 1937இல் மார்க்கஸ் ஹுக் என்னுமிடத்தில் சன் ஆயில் நிறுவனத்தின் பேராலை இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

பின்னர், இயற்கைக் களிமண்ணின் இடத்தைச் செயற்கைச் சிலிக்கா–அலுமினா பெற்றது. அதனைச் செய்யும் முறைகளுள் ஒன்றைக் காண்போம். சோடியம் சிலிக்கேட் கரைசலில் அமிலம் சேர்த்துக் களியாக்குவர். அதில் அலுமினிய உப்பைக் கலந்து, அம்மோனியாவால் வீழ்படிவாக்குவர். சோடியம் எஞ்சினால் அமிலத்தன்மை குன்றும். எனவே நன்கு கழுவி, உலர்த்தி, ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சுடுவர். சிலிக்கனின் இடத்தில் அலுமினியம் அமர்வதால் எழும் எதிர்மின்சுமையை ஒரு புரோட்டான் சமன்செய்கிறது. அப்புரோட்டானே இத்திண்மத்திற்கு அமிலத்தன்மையை அளிக்கிறது.

பிரான்சை ஜெர்மனி வென்றபோது அவர் விஷி அரசை எதிர்த்து நின்றார். 1941இல் அவ்வரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவர்தம் முறையில் கிடைத்த உயர்தர எரிபொருளோ நேச நாடுகளின் போர் விமானங்களை இயக்கியது.

பிற்காலத்தில் கார்ப்புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவியை உருவாக்கினார். அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதனைச் செயலிழக்கச் செய்தது. 1962 ஜூலை 18இல் அவர் மறைந்தார். ஈயமற்ற பெட்ரோலுடன், 1975ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்களில் அத்தகு கருவிகள் பரவலாக இடம்பெற்றன.

படிந்த கரியைக் கண்டு களிமண்ணை அவர் எறிந்துவிடவில்லை, கரியைத்தான் எரித்தார். ஆய்வுக்கூடத்தில் நுழையும் நம் மாணவர்கள் நெஞ்சில் கொள்ளத்தக்க பாடம் இதுவே என்போம்.