யார் இந்த சிட் புல்லர்? 'நோ-பால்' கொடுத்ததால் டெஸ்ட் வாய்ப்பை இழந்த அம்பயர்

1960 ஜூன், லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து - தென்னாப்பிரிக்கா டெஸ்ட் சீக்கிரமே முடிந்துவிட, ரசிகர்களுக்காக ஒரு காட்சிப் போட்டி நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜெஃப் கிரிஃபின் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று அந்த டெஸ்ட்டிலேயே இன்னொரு அம்பயர் ஃபிராங்க் லீ 11 முறை நோ-பால் கொடுத்திருந்தார்.

சும்மா ஜாலிக்கு நடக்கும் மேட்ச்தானே, கண்டுக்காம விட்டுடலாம் என்று புல்லர் நினைக்கவில்லை. ஒரே ஓவரில் நான்கு முறை நோ-பால் கொடுத்தார். கிரிஃபினின் டெஸ்ட் வாழ்க்கை அதோடு முடிந்தது. புல்லருக்கும் அடி விழுந்தது. தென்னாப்பிரிக்கா ஆட்சேபிக்க, அதே தொடரில் அவர் நிற்கவேண்டிய டெஸ்ட்டிலிருந்து விலக்கப்பட்டார். விதிப்படி நடந்தவருக்குத்தான் தண்டனை!

அதற்காக அவர் மாறினாரா? இல்லை. 1965-ல் அதே தென்னாப்பிரிக்கர்களுக்கு எதிராக, இங்கிலாந்து வீரர் ஹரோல்ட் ரோட்ஸுக்கும் எறிவதாக நோ-பால் கொடுத்தார். முழங்கை இயல்பிலேயே பின்னோக்கி வளைவதுதான் காரணம் என்று ரோட்ஸ் பின்னாளில் விடுவிக்கப்பட்டார். புல்லரின் கணிப்பு தவறியிருக்கலாம். ஆனால் ஆள் பார்த்து அவர் கை நீட்டியதில்லை.

33 டெஸ்ட்டுகளில் நின்ற புல்லர், 1970 ஆகஸ்ட் 7 அன்று, எட்ஜ்பாஸ்டனில் பணியில் இருந்தபோது ஆட்ட இடைவேளையில் மயங்கி விழுந்து இறந்தார். வயது 60.