பாஸ்டன் வீதியில் ஒரு கயிறு

அமெரிக்கா என்றதும் வானளாவும் மாளிகைகள் நம் நினைவுக்கு வரும். அந்த நாடு ஒரு காலத்தில் இரண்டாகப் பிளந்து நின்றது. வடக்கு, தெற்கு என்று வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்டுவார்கள். அந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல, தோழர்களே! அது ஊருக்குள் ஓடிற்று, தேவாலயத்துக்குள் ஓடிற்று, ஒன்றாக உழைத்த தோழர்களின் நடுவிலும் ஓடிற்று. வில்லியம் லாயிட் காரிசனின் வாழ்வு அதைக் காட்டும்.

1805-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் எனும் துறைமுக ஊரில் பிறந்தார். கடலோடியான தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். பதின்மூன்று வயதில் சிறுவன் அச்சகத்துக்குப் போனான், எழுத்துக் கோக்க! கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கு ஈய எழுத்துக்களே ஆசான்.

பால்டிமோரில் ஏட்டுப் பணியில் இருந்தபோது, அடிமைகளைக் கப்பலேற்றி விற்பனைக்கு அனுப்பிய ஒரு வணிகரைக் கண்டித்து எழுதினார். அந்த வணிகர் எந்த ஊர்? காரிசன் பிறந்த அதே நியூபரிபோர்ட்! அவதூறு வழக்கு வந்தது; அபராதம் கட்டப் பணமில்லை; 1830-ல் 49 நாட்கள் சிறை.

1831 ஜனவரி முதல் நாள் பாஸ்டனில் 'விடுதலையாளன்' எனும் பொருள்படும் 'லிபரேட்டர்' கிழமை ஏட்டைத் துவக்கினார். பணம் படைத்தோர் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் தாங்கிப் பிடித்தவர்களில் பெரும்பாலோர், அடிமைத்தளை இல்லாதிருந்த கறுப்பின மக்கள், ஏழை எளியோர். ஏட்டின் விற்பனையோ என்றுமே சில ஆயிரம்தான். ஆனால் அதே ஆண்டு ஜார்ஜியா சட்டமன்றம் அவரைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருவோருக்கு 5,000 டாலர் பரிசு அறிவித்தது. ஏடு சிறிது, அச்சம் பெரிது!

தெற்கத்தியர் சீறியது வியப்பல்ல. வடக்கத்திய பாஸ்டன் என்ன செய்தது? 1835 அக்டோபரில், அடிமை முறையை எதிர்த்த பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்த காரிசனைக் கயிறு கட்டி வீதியில் இழுத்துச் சென்றது ஒரு கும்பல். குடித்துக் கூத்தாடும் கூட்டமா அது? இல்லை! வணிகரும் செல்வரும் கலந்த கூட்டம். ஏன்? வடக்கத்திய ஆலைகளில் சுழன்றது தெற்கத்திய அடிமை பறித்த பஞ்சு. கொள்கை வேறு பக்கம் இருக்கலாம்; இலாபம் ஒரே பக்கம் இருந்தது! உயிரைக் காக்க அவரைச் சிறையிலே வைத்தனர் அதிகாரிகள்.

பிளவு இயக்கத்துக்குள்ளும் வந்தது. பெண்களுக்கும் பொறுப்புத் தரவேண்டும் என்றார் காரிசன். 1840-ல் சங்கம் உடைந்தது. அதே ஆண்டு இலண்டன் மாநாட்டில் பெண் பேராளருக்கு இடம் மறுக்கப்பட, அவரும் பெண்களோடு பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தார். அடிமை முறைக்கு இடமளித்த அரசியல் சட்டத்தை 1854 ஜூலை 4 அன்று மக்கள் முன் கொளுத்தினார். அதே சட்டத்தையே ஆயுதமாக்கலாம், வாக்குப் பெட்டியை ஒதுக்கலாகாது என்று, அடிமையாய்ப் பிறந்து அறிவுச் சுடரான பிரடெரிக் டக்ளஸ் 1851-லேயே பிரிந்துபோனார். இதில் டக்ளஸ் பக்கமே நாம் நிற்கிறோம். தீயிட்டால் தூங்குவோர் விழிப்பர். ஆனால் விழித்தவர் கையில் வாக்கு வேண்டாமா?

உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தம் சட்டமாயிற்று. முப்பத்தைந்து ஆண்டு நடந்த ஏட்டை அம்மாதமே நிறைவு செய்தார் காரிசன். சங்கத்தையும் கலைத்துவிடலாம் என்று அவர் முன்பே கூறியிருந்தார். தோழர்கள் மறுத்தனர், வெண்டல் பிலிப்ஸ் தலைமையில் தொடர்ந்தனர். மறுத்தவர்களே சரி. 1870-ல் கிடைத்த வாக்குரிமை பின்னர் தென்மாநிலங்களில் சூழ்ச்சியாலும் வன்முறையாலும் பறிக்கப்பட்டது. அதை மீட்க 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது.

1879-ல் காரிசன் மறைந்தார். கயிறு கட்டி இழுத்த பாஸ்டன் பின்னாளில் அவருக்குச் சிலை வைத்தது. சிலை வைப்பது எளிது, தோழர்களே! அவர் தனித்து நின்ற நாளில் காசு கொடுத்து அந்த ஏட்டை வாங்கிய ஏழைகளுக்குச் சிலை இல்லை. வரலாற்றைத் திருப்பியவர்கள் அவர்களுந்தான்.