தோமஸ் றொபேட் மல்தஸ் (1766–1834)

மாணவர்களே, குடித்தொகைப் புவியியலில் நீங்கள் முதலில் சந்திக்கும் பெயர் மல்தஸ். உயர்தர வகுப்பிலும் பின்னர் பல்கலைக்கழகத்திலும் இவர் உங்களோடு வருவார். எனவே கோட்பாட்டை மட்டும் மனனம் செய்யாமல், அதைச் சொன்ன மனிதரையும் அறிந்துகொள்ளுங்கள்.

இளமையும் கல்வியும்

மல்தஸ் 1766 பெப்ரவரி 13 ஆம் திகதி இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். பிறவியிலேயே அண்ணப்பிளவு இருந்ததால் அவரது பேச்சுத் தெளிவாக இருக்கவில்லை. ஆயினும் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் கணிதம் கற்று, 1788 இல் சிறப்பாகச் சித்தியடைந்தார். பின்பு கிராமத் தேவாலயம் ஒன்றில் மதகுருவாகப் பணியாற்றினார்.

நூல் பிறந்த கதை

மனித சமுதாயம் குறைகளெல்லாம் நீங்கி முன்னேறும் என்று தந்தை நம்பினார். மகன் அதை மறுத்தார். வீட்டில் நடந்த அந்த விவாதமே 1798 இல் குடித்தொகை பற்றிய சிறு நூலாக வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயர் இருக்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1795 இல்தான், பிரித்தானியர் நமது திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். காலத்தை நினைவில் வைக்க இது உதவும்.

தடையேதும் இல்லாவிடின் குடித்தொகை 1, 2, 4, 8 எனப் பெருக்கல் விருத்தியில் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கும்; உணவோ 1, 2, 3, 4 எனக் கூட்டல் விருத்தியிலேயே கூடும். இந்த இடைவெளியைப் பஞ்சம், நோய், போர் ஆகியவை இறப்பைக் கூட்டிச் சமப்படுத்தும் என்றார்.

தேடலும் திருத்தமும்

நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மல்தஸ் சான்றுகளைத் தேடிப் புறப்பட்டார். 1799 இல் நோர்வே, சுவீடன், ரஷ்யா முதலிய நாடுகளுக்குச் சென்று தகவல் திரட்டினார். 1803 இல் பலமடங்கு விரிந்த இரண்டாம் பதிப்பு அவரது பெயருடன் வெளிவந்தது. திருமணத்தைத் தாமதித்து ஒழுக்கக் கட்டுப்பாட்டுடன் வாழ்ந்தால் பிறப்பு குறையும் என்பதையும் அதில் சேர்த்தார். 1805 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியாவை ஆளச் சென்ற இளம் அதிகாரிகள் பலர் இவரது மாணவர்கள். 1834 டிசம்பர் 29 ஆம் திகதி பாத் நகரில் காலமானார்.

ஏழைகளும் மல்தஸும்

ஏழைகளுக்கு அரசு வழங்கும் நிவாரணம் குடித்தொகையையும் வறுமையையும் கூட்டும் என்பது இவரது வாதம். 1834 இல் இங்கிலாந்தில் வந்த புதிய வறியோர் சட்டத்தில் இக்கருத்தின் செல்வாக்கு இருந்தது. உதவி நாடியோரைக் கடுமையான வேலை இல்லங்களுக்கு அனுப்புவதே அச்சட்டத்தின் நோக்கம். ஏட்டில் எழுதும் கணக்கு ஏழையின் சோற்றில் கைவைக்கும் என்பதை மறவாதீர்கள்.

நமது நாட்டில்

இலங்கையின் குடித்தொகை 1946 இல் சுமார் 66 இலட்சம். 25 ஆண்டுகளின் பின், 1971 இல், சுமார் 127 இலட்சம். ஏறத்தாழ இரட்டிப்பு! மலேரியா ஒழிப்பும் சுகாதார சேவையும் இறப்பு வீதத்தைக் குறைத்ததே முக்கிய காரணம். ஆனால் மல்தஸ் அஞ்சிய பெரும்பஞ்சம் வரவில்லை. கந்தளாய், அல்லை போன்ற நீர்ப்பாசனத் திட்டங்களும் புதிய நெல்லினங்களும் விளைச்சலைக் கூட்டின. உணவு இறக்குமதியும் கைகொடுத்தது. பெண்கல்வி, தாமதத் திருமணம், குடும்பத் திட்டமிடல் ஆகியவற்றால் பிறப்பு வீதமும் குறைந்தது. 2012 இல் குடித்தொகை சுமார் 203 இலட்சம். அதாவது 41 ஆண்டுகளிலும் அது இரட்டிக்கவில்லை.

இன்னொன்று. போர் காரணமாக நமது மாவட்டத்தில் 1981 இன் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இலேயே நடந்தது. இடையில் இடம்பெயர்ந்தோர், இறந்தோர், 2004 ஆழிப்பேரலையில் அள்ளுண்டோர் எத்தனையோ பேர். 1981 இற்கும் 2012 இற்கும் இடையிலான வளர்ச்சி வீதத்தைக் கணிக்கும்போது அவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

விடை எழுதும்போது கவனிக்க

1. இரு விருத்திகளையும் வரைபில் காட்டுக.
2. இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் குறிப்பிடுக.
3. தொழினுட்பம், வர்த்தகம், பிறப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றின் வளர்ச்சியை மல்தஸ் எதிர்பார்க்கவில்லை என்பதை விமர்சனமாக எழுதுக.
4. இலங்கை உதாரணம் தருக. மல்தஸ் பிழை என்று மட்டும் எழுதி நிறுத்தினால் முழுப்புள்ளி கிடைக்காது. எங்கே பொருந்தினார், எங்கே பொருந்தவில்லை என்பதைக் காட்டுங்கள்.