பதக்கத்திலே பதிந்த சமாதான அரசி



அரச குடும்பப் பெண்கள் பதக்கம் அணிந்து நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கல் நாட்டில் 1801ஆம் ஆண்டு அரச குலப் பெண்களுக்கும் உயர்குடிப் பெண்களுக்குமென ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. அதன் பதக்கத்தில் வாளுமில்லை, சிங்கமுமில்லை. ஏழைக்குத் தருமம் கொடுக்கும் ஓர் அரசியின் உருவமே இருந்தது. அவர்தான் புனித எலிசபெத்தம்மாள்.

பின்னாளில் அராகொன் அரசரான மூன்றாம் பேதுருவின் மகளாக 1271இல் இவர் பிறந்தார். ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்து இவருக்குப் பாட்டி முறை. அவருடைய பெயரே இவருக்கும் இடப்பட்டது. சிறுமியாயிருந்தபோதே, 1282இல், போர்த்துக்கல் அரசர் தெனிசுக்கு மனைவியானார்.

அரசர் நாட்டை நன்றாக ஆண்டார். ஆனால் மனைவிக்குப் பிரமாணிக்கமாய் இருக்கவில்லை. எலிசபெத்து முணுமுணுக்கவில்லை. செபத்தில் ஆறுதல் தேடினார். கணவனுக்குப் பிறர் பெற்ற பிள்ளைகளையும் அன்போடு பராமரித்தார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்மீது அரசர் காட்டிய பட்சத்தைப் பொறாமல், இளவரசர் அல்போன்சு தந்தைக்கு எதிராகப் படை திரட்டினார். மகனுக்குத் துணைபோனார் என்ற சந்தேகத்தில் அரசர் தம் மனைவியை அலன்கேர் நகருக்கு அனுப்பிவைத்தார். அப்போதும் அந்தத் தாய் எவர் பக்கமும் சாயவில்லை. 1323இல் தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றபோது, கோவேறு கழுதையேறி இரு படைகளுக்கும் நடுவே சென்றார். போர் நின்றது.

1325இல் அரசர் இறந்தபின், பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை உடையணிந்து, கொயிம்பிராவில் கிளாரா கன்னியர் மடத்தருகே ஏழைகளுக்கு ஊழியம் செய்து வாழ்ந்தார். 1336இல் மகனுக்கும் கஸ்தீலிய அரசருக்கும் பகை மூண்டது. முதுமையையும் வெயிலையும் பாராது சமாதானம் பேசப் புறப்பட்டவர், யூலை 4ஆம் திகதி எஸ்திரெமோசில் உயிர்நீத்தார். 1625இல் பாப்பரசர் எட்டாம் ஊர்பன் இவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

வாசகரே, 1910இல் போர்த்துக்கலின் முடியாட்சியே மறைந்துவிட்டது. அரசியின் திருநாளையோ திருச்சபை இன்றும் யூலை 4இல் நினைவுகூருகின்றது. காணி எல்லைக்காகவும் சீதனத்துக்காகவும் பேச்சை நிறுத்திய உறவுகள் நம் வீடுகளிலும் உண்டல்லவா? அவர்களுக்கு நடுவே முதலில் நடந்து செல்பவர் நீங்களாக இருக்கலாமே.