சிரிக்க வைத்த கலைவாணர்

மேடையின் நடுவே ஒருவர் தனியே நிற்கிறார். கையில் ஓர் ஒலிவாங்கி மட்டும் இருக்கிறது, வேடமில்லை, திரைச்சீலையில்லை. அவர் பேசப் பேச அரங்கம் சிரிக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் வாழும் நீங்கள் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டிருப்பீர்கள். ஸ்டாண்ட் அப் காமெடி என்று இதனை இன்று அழைக்கின்றனர். பெயர்தான் புதிது. தம் நாவையும் முகத்தையும் நம்பி மக்கள்முன் நின்று அவர்களைச் சிரிக்க வைக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டில் அக்கலையில் ஈடற்று விளங்கியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. குடும்பத்தின் வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு விரைவிலேயே நின்றுபோயிற்று. சிறுவயதிலேயே அவர் உழைக்க வேண்டியதாயிற்று. நாடகக் கொட்டகைக்குள் சோடா விற்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. ஏட்டுக்கல்வி இழந்த சிறுவனுக்கு அந்தக் கொட்டகையே பள்ளியாயிற்று. விற்பனை ஒருபுறம் நடக்க, மேடையில் நடப்பவற்றை அவர் கண்ணும் காதும் பருகிக்கொண்டிருந்தன.

அவர் முதலில் பயின்றது வில்லுப்பாட்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைவிழாக்களில் இரவெல்லாம் ஒலிக்கும் கலை அது. மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின்மேல் அமர்த்தி, வீசுகோலால் அடித்துக்கொண்டு தலைமைப் பாடகர் கதை சொல்வார். அருகிலிருப்பவர் ஆமாம் போடுவார்; இடையிடையே கேள்வியும் கேட்பார். இந்த ஆமாம் போடுதலை எளிதாக எண்ணிவிடாதீர்கள். தலைமைப் பாடகர் ஒன்று சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் அதனை வேண்டுமென்றே வேறாகப் புரிந்துகொள்ள, அங்கே நகைச்சுவை பிறக்கும். கேட்போர் தூங்கத் தொடங்கினால் பாடகர் அதனை முகக்குறிப்பால் அறிந்து கதையின் போக்கை மாற்றியாக வேண்டும். எதிரே இருப்பவர்களின் மனத்தை அந்தந்தக் கணத்தில் படிக்கும் திறன் கிருஷ்ணனுக்கு இங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். எல்லா வேடங்களையும் ஏற்றாலும் நகைச்சுவையே அவருக்குரிய களமாயிற்று. தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1935, 1936-ஆம் ஆண்டுகளில், மேனகா, சதிலீலாவதி ஆகிய படங்களில் நடித்தார். வசந்தசேனா என்னும் படத்திற்காகப் புனே நகர் சென்றபோது டி. ஏ. மதுரம் என்னும் நடிகையோடு பழக்கம் ஏற்பட்டது. இருவரும் மணந்துகொண்டனர். வில்லுப்பாட்டில் பாடகருக்குப் பக்கப்பாட்டுக்காரர் போலத் திரையில் கிருஷ்ணனுக்கு மதுரம் அமைந்தார். அவர் ஒன்று சொன்னால் இவர் ஒன்று கேட்பார். பல வேளைகளில் தோற்பவர் கிருஷ்ணனாகவே இருப்பார்.

அந்நாளைய மேடை நகைச்சுவையில் பிறரின் உடற்குறையையும் அறியாமையையும் எள்ளி நகையாடுவது வழக்கமாக இருந்தது. கிருஷ்ணன் அவ்வழியை விட்டு விலகினார். தம்மையே முதலில் கேலிக்கு ஆளாக்கிக்கொண்டார். மூடநம்பிக்கை, சாதிச் செருக்கு, குடிப்பழக்கம் ஆகியவற்றை அடுத்துக் கேலி செய்தார். தம் பகுதிக்கான கதை, உரையாடல், பாடல் அனைத்தையும் தம் குழுவினரோடு தாமே அமைத்துக்கொண்டார். உடுமலை நாராயணகவியின் பாடல்கள் அவருக்குப் பெருந்துணையாயின.

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1944-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் புகழ்மிக்க நடிகரான எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் பயன் தரவில்லை. நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக்கூடத்தில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இங்கே மதுரத்தின் துணிவைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கணவர் சிறையில் இருக்க, வழக்குச் செலவோ மலைபோல் வளர, அவர் கலங்கி அமர்ந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கிருஷ்ணன் பெயரிலேயே நாடகக் குழு நடத்தினார். பைத்தியக்காரன் என்னும் நாடகம் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 1947-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. ஏறத்தாழ 30 மாதச் சிறைவாழ்வுக்குப் பின் வெளியே வந்த கிருஷ்ணன், மனைவி எடுத்த அந்தப் படத்திலேயே இறுதியில் நடித்தார்! கலைவாணர் என்னும் பட்டமும் அவ்வாண்டிலேயே அவருக்கு வழங்கப்பட்டது.

அவருடைய மேடை நிகழ்ச்சிகளுள் தலைசிறந்தது கிந்தனார் காலட்சேபம். காலட்சேபம் என்பது, பாகவதர் ஒருவர் கையில் சிப்ளாக்கட்டையுடன் நின்று, பக்கவாத்தியம் முழங்க, பாட்டும் பேச்சுமாகப் புராணக் கதை சொல்லும் கலை. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம் அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. நிலத்தில் உழைக்கும் நந்தன் தில்லைக்குச் சென்று இறைவனைக் காண ஏங்குவான்; பிறந்த குலம் அவனைத் தடுக்கும். இக்கதையை அறியாதவர் அந்நாளில் தமிழகத்தில் அரிதாகவே இருந்தனர்.

கிருஷ்ணன் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். பாகவதரைப் போலவே நின்றார். அவ்வாறே இழுத்துப் பாடினார். அவ்வாறே இடையில் நிறுத்தி விளக்கமும் தந்தார். ஆயினும் நந்தன் இருந்த இடத்தில் கிந்தன் என்னும் ஏழைச் சிறுவனை நிறுத்தினார். கிண்டல் என்னும் சொல் அப்பெயருக்குள் ஒளிந்திருப்பது போலத் தோன்றுகிறதல்லவா? ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிந்தன் கோயிலுக்குச் செல்ல ஏங்கவில்லை, படிப்பதற்கு ஏங்கினான். நந்தனுக்குத் தில்லை எதுவோ, கிந்தனுக்கு அதுவே பட்டணம். அவன் ரயிலேறிப் பட்டணம் செல்கிறான். ரயிலைப் பற்றிய பாட்டொன்று அங்கே வருகிறது. கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும் அந்த வண்டி யாரையும் குலம் கேட்டு ஏற்றுவதில்லை. எல்லாரும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு அமர வேண்டியதுதான். சக்கர ஓசையைத் தாளமாக்கி அவர் பாடும்போது சிறுவரும் சிரித்தனர். தீண்டாமையைப் பழகிப்போன ஒன்றாகக் கருதியவர்களோ சிரித்த பிறகே தாம் எதற்காகச் சிரித்தோம் என்று எண்ணத் தொடங்கியிருப்பர். இறுதியில் கிந்தன் கற்றுத் தேர்ந்து கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்குத் திரும்புகிறான்.

அந்தக் கதையில் யாரும் யாரையும் வைது பேசுவதில்லை. அதனாலேயே அது ஊரூராகச் செல்ல முடிந்தது என்று கொள்ளலாம். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி என்னும் திரைப்படத்திலும் அக்காலட்சேபம் இடம்பெற்றது. அறிஞர் அண்ணா உரையாடல் எழுதிய அப்படத்தைத் தேடிப் பார்க்க வாய்ப்பிருப்பின் பாருங்கள்.

காந்தியடிகளிடம் அவருக்குப் பெரும்பற்று உண்டு. இளைஞராயிருந்த சுப்பு ஆறுமுகத்தை அழைத்து வந்து, அடிகளின் வாழ்வை வில்லுப்பாட்டாக எழுதச் செய்து மேடையேற்றினார். இளமையில் கற்ற கலையிடம் அவர் இவ்வாறு திரும்பி வந்தார்.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாவுக்காக அவர் காஞ்சிபுரத்தில் பேசிய பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது. எதிர்த்துப் போட்டியிட்டவர் ஒரு மருத்துவர். கலைவாணர் அவரைக் குறை கூறவே இல்லை. மாறாக, மருத்துவரின் கைராசியையும் நற்குணத்தையும் நெடுநேரம் புகழ்ந்தார். யாருக்கு வாக்குக் கேட்க வந்தார் என்று கூட்டம் குழம்பியது. இத்தகைய நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயுற்றோர் என்ன செய்வர், ஆகவே அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். கூட்டம் சிரித்து ஓய நெடுநேரமாயிற்று என்பர்.

அதுவே அவர் கண்ட கடைசித் தேர்தல். ஈட்டிய பொருளையெல்லாம் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கொடுத்துவிட்ட அவர், உடல் நலிந்து, 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 48. சென்னையில் பாலர் அரங்கம் என வழங்கிய மண்டபம் பின்னர் கலைவாணர் அரங்கம் என அவர் பெயர் பெற்றது. சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969-ஆம் ஆண்டு சனவரியில் அப்போதைய முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். கடும் நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது.