வானில் வழி கண்ட ஜே.ஆர்.டி. டாட்டா

தரையில் செல்வோர்க்குச் சாலை உண்டு. கடலில் செல்வோர்க்குக் கலங்கரை விளக்கம் உண்டு. வானிலோ கோடும் இல்லை. கைகாட்டி மரமும் இல்லை. அவ்வாறிருக்க, விமானி எப்படித் தாம் நினைத்த ஊரைச் சென்றடைகிறார்? இவ்வினாவிற்கு விடை காண, இந்திய மண்ணில் விமானி உரிமம் பெற்ற முதல்வராகிய ஜே.ஆர்.டி. டாட்டா அவர்களின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வோம்.

இளமை

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் இந்தியப் பார்சி குலத்தவர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் கடற்கரையில் அவர்தம் குடும்பம் கோடைக்காலத்தைக் கழிப்பது வழக்கம். 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதல் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் அங்கே அருகில் இருந்தது. கடற்கரை மணலில் விமானங்கள் இறங்குவதைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில் தாமும் பறக்க வேண்டும் என்னும் ஆசை வேரூன்றியது. பதினைந்து வயதளவில் பயணியாக ஒருமுறை விமானத்தில் ஏறிப் பறந்தபின் அவ்வாசை உறுதியாயிற்று.

பம்பாயில் பறக்கும் கழகம் தொடங்கப்பட்டதும் அவர் அதில் சேர்ந்து பயின்றார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு உரிமம் வழங்கப்பட்டது. அதன் எண் 1.

தோற்றும் உயர்ந்தவர்

1929ஆம் ஆண்டில் ஆகா கான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி இஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்து நாட்டின் அபூகீரில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி அங்கே மேலே செல்ல வழியின்றித் தவித்திருந்தார். அவருடைய இயந்திரத்திற்குத் தீப்பொறிக் குமிழ்கள், அதாவது நாம் பிளக் என்று சொல்லும் பொருள், தேவைப்பட்டன.

டாட்டாவிடம் உபரி பிளக்குகள் இருந்தன. கொடுத்தால் போட்டியாளர் முந்திவிடலாம்; கொடுக்காவிட்டால் பரிசு தமக்கே கிட்டலாம். அவர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பியே பரிசை வென்றார். அந்த ஆஸ்பி 1960இல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். பரிசை இழந்த டாட்டாவையும் உலகம் மறக்கவில்லை.

கடிதம் சுமந்த விமானம்

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கிய காலம் அது. உறவினரின் கடிதத்திற்கு வாரக்கணக்கில் காத்திருந்தனர். அந்நாளில், இங்கிலாந்திலிருந்து விமானத்தில் கராச்சி வந்த கடிதங்களை உள்நாட்டிற்கு விரைவில் கொண்டு செல்லும் பணியை டாட்டாவும் அவர் நண்பர் நெவில் வின்சென்ட்டும் மேற்கொண்டனர்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலையில் டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை இயந்திரமுள்ள 'புஸ் மாத்' விமானத்தில் புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாயின் ஜூஹுவை அடைந்தார். அங்கிருந்து வின்சென்ட் கடிதங்களைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார்.

அவ்விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. வழிகாட்ட எவரும் தரையில் இல்லை. கராச்சிக்கும் அகமதாபாத்திற்கும் இடையே கட்ச் பகுதியின் உப்புச் சதுப்பு நிலம் விரிந்து கிடக்கிறது. நிலப்படம், திசைகாட்டி, கடிகாரம், கண்கள் ஆகிய நான்கையே நம்பி விமானி செல்ல வேண்டும். மாணவர்களே, இங்கே உங்கள் கணக்குப் பாடம் உதவுகிறது. திசை ஒரு பாகை தவறினால், 60 கிலோமீட்டர் பறந்தபின் விமானம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் விலகிவிடும். 600 கிலோமீட்டர் பறந்தால் எவ்வளவு விலகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் வீசும் காற்றோ இதனினும் மிகுதியாகத் தள்ளிவிடும். ஆகவே விமானி புறப்படுமுன்பே காற்றின் வேகத்தை அறிந்து திசையைத் திருத்திக்கொள்கிறார். வழியில் ஆறு, இரயில் பாதை, மலை ஆகியவற்றை நிலப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார். நம் சுங்கை சிப்புட் வழியாக ஓடும் இரயில் பாதையும், சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளும் மேலிருந்து நோக்கும் விமானிக்கு நல்ல அடையாளங்களே.

வானிலும் நிரை உண்டு

விமானங்கள் பெருகியதும் விதிகளும் தேவைப்பட்டன. 1944இல் சிக்காகோ நகரில் பல நாடுகள் கூடி, பொதுவான ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. ரப்பர்த் தோட்டத்தில் காலைப் பிரட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிரை குறித்துக் கொடுத்ததைப் பெற்றோர் அறிவர். ஒருவர் நிரையில் மற்றவர் புகுவதில்லை. வானிலும் அவ்வாறே. கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானம் கிழக்குப் பக்கமாகச் சென்றால் 3,500, 5,500 அடி போன்ற உயரங்களிலும், மேற்குப் பக்கமாகச் சென்றால் 4,500, 6,500 அடி போன்ற உயரங்களிலும் பறக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. எதிரெதிரே வருவோர் மோதாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஈப்போ போன்ற விமான நிலையத்தை நெருங்கும் சிறு விமானி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியை வானொலி மூலம் பெற்ற பின்னரே அதன் எல்லைக்குள் நுழையலாம். தமது செல்வழியை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும் உண்டு; குறித்த நேரத்தில் வந்து சேராவிடில் தேடுவதற்கு அதுவே துணை.

பிற்கால வாழ்வு

டாட்டாவின் சிறு நிறுவனம் ஏர் இந்தியாவாக வளர்ந்து, 1948இல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் அரசு அதனை நாட்டுடைமையாக்கிய பின்னரும் 1978 வரை அவரே தலைவராக இருந்தார். 1958இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1982இல், தம் 78ஆம் வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டி வந்து, ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அப்பெரியார், 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனிவாவில் மறைந்தார்.

துணிவு மட்டும் இருந்தால் விமானம் ஊர் சேராது. கணக்கும், கவனமும், விதிக்குக் கட்டுப்படும் பண்பும் வேண்டும். அவற்றோடு, போட்டியாளருக்கும் உதவும் நெஞ்சம் வேண்டும். இவை யாவும் வகுப்பறையிலும் திடலிலும் இன்றே பழகத் தக்கவை. நம் பள்ளிப் பிள்ளைகளும் ஒருநாள் இவ்வூரின் குன்றுகளுக்கு மேலே விமானம் ஓட்டிச் செல்வர் என நாம் நம்புகிறோம். பெற்றோரும் அவர்களை ஊக்குவிப்பார்களாக!